தட்டு நிறைய ஒரே சாக்லேட்

மனைவி வைதேகி இறந்தபின் ஞானசேகரனுக்கு வந்த முதல் தீபாவளி அது. துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். பலகாரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். சிங்கப்பூர் ஈசூனில் அடுத்த வீட்டு ருக்சார் ஒரு தட்டு நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பல வருடங்களாக இரண்டு வீட்டுக்கும் நடுவே தட்டு போய்வந்துகொண்டிருந்தது. பெருநாளுக்கு அங்கிருந்து, தீபாவளிக்கு இங்கிருந்து. எல்லாம் பெண்களுக்குள். ரயில் பணிமனையில் வேலை பார்க்கும் ஞானசேகரன், லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதே. வைதேகியின் அக்கா ரஞ்சிதத்தை ஃபோனில் கேட்டார்.

"இதுல யோசிக்க என்ன தம்பி இருக்கு? ஒரு கை சீனியப் போட்டுக் குடுத்துடுங்க. முடிஞ்சுது."

அந்த 'முடிஞ்சுது'தான் அவரைப் பிடித்துக்கொண்டது. சீனி போட்டுக் கொடுத்தால் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தியது போலத்தான். வைதேகி போனபின் அவ்வப்போது எட்டிப் பார்த்து, அவர் கேட்காமலே அவளைப் பற்றிப் பேசும் ஒரே ஆள் ருக்சார். அவள் வருவதும் நின்றுவிடும்.

வைதேகிக்கும் ருக்சாருக்கும் சர்க்கரை வியாதி. ஆனாலும் மாலையில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, வீட்டுக்குத் தெரியாமல், உள்ளே வேர்க்கடலை விழுது வைத்த சாக்லேட்டைப் பங்குபோட்டுத் தின்பார்கள். அவருக்குத் தெரியும், கேட்டதில்லை. அதையே செய்வது என்று முடிவெடுத்தார். அதற்கு எண்ணெய்ச் சட்டி வேண்டாம். சின்னச் சின்னதாகச் செய்தால் கடையில் வாங்கியது என்று நினைத்துவிடுவாள். தட்டளவுக்கு ஒன்றே ஒன்று.

தேக்கா சந்தையில் வறுத்த கடலை வாங்கினார். ஈரம் பட்டால் சாக்லேட் திரிந்துவிடும் என்று படித்திருந்ததால், மிக்ஸியின் உலர்ந்த ஜாடியைத் தேடி எடுத்து வெண்ணெயோடு அரைத்தார். வெந்நீர்மேல் கிண்ணம் வைத்துச் சாக்லேட்டை உருக்கி, கேக் டின்னில் ஒரு பரப்பு ஊற்றி உறையவிட்டார். அதன்மேல் கடலை விழுது. மறுபடி சாக்லேட்.

எல்லாம் குளிர்ந்து இறுகிய பிறகுதான் ஜாடியில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் வைத்தார். காரம் சுரீரென்றது. வைதேகி இட்லிப்பொடி அரைக்கிற ஜாடி! தண்ணீர் காட்டாமல் துடைத்து மட்டும் வைப்பாள்.

குப்பைக்கூடையைத் திறந்தார். போட மனம் வரவில்லை. தட்டில் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போய் மணியை அடித்தார்.

"என்னண்ணே இது, கார் டயர் மாதிரி!" சிரித்துக்கொண்டே ருக்சார் ஓரத்தை உடைத்து வாயில் போட்டாள். மென்றவள் நிறுத்தினாள். "சாக்லேட்டுக்குத் தாளிச்சீங்களா?"

"அவ பொடி அரைக்கிற ஜார்ல கடலைய அரைச்சிட்டேன்மா. கவனிக்கல."

ருக்சார் இன்னொரு துண்டை உடைத்து, இந்த முறை மெதுவாகத் தின்றாள்.

"பெருங்காயம் தூக்கல். நானும் எத்தன தடவ சொல்லியிருப்பேன், கேட்டாளா உங்க பொண்டாட்டி?"

"எம் பேச்ச மட்டும் கேட்டாளா?"

இருவரும் சிரித்தார்கள். அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"உள்ள வாங்கண்ணே, அவரும் இருக்காரு. டீ போடுறேன். நான் இதத் தின்னத மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க லா."

ஞானசேகரன் செருப்பைக் கழற்றினார்.