சுவருக்கு இருபுறமும் ஒரு கட்டில்

இது நடந்த வீடு காக்களூரில் இன்னும் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நடந்தது கனகாம்பாளுக்கு. பட்டப்பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் வைத்துத்தான் இதைச் சொன்னாள். அப்படியும் சொல்லி முடிக்கும்வரை வளையல்களை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

எழுபத்திரண்டாம் வருஷம். அவள் புருஷன் தேசப்பனுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அவர்கள் இருந்தது பாதி வீடு. ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, இரண்டு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மறுபாதியில் பூவம்மாளும் அவள் புருஷனும். குறுக்குச் சுவர் பழைய அடுக்களையையும் விட்டுவைக்கவில்லை. சந்து போல நீண்டு ஒடுங்கியிருந்த அந்த அறை நடுவில் வெட்டுப்பட்டு, இரண்டு பக்கமும் ஒரு துண்டு இடம்தான் மிஞ்சியது. கீழே அடுப்பு வைத்து உட்கார்ந்தால் முதுகு ஒரு சுவரிலும் முழங்கால் மறு சுவரிலும் இடிக்கும். கனகாம்பாளுக்கோ ஏழாம் மாதம். உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கைகொடுக்க ஆள் வேண்டும்.

நின்றபடி சமைக்க ஏதாவது மேடை போட வேண்டும் என்று தேசப்பன் அலைந்தான். திருவள்ளூரில் பழைய சாமான் கடை வைத்திருந்த முனுசாமியிடம் ஒரு தேக்குக் கட்டில் மலிவாகக் கிடைத்தது. தச்சுவேலை செய்யும் யேசுதாஸ் அதைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னான். குறுக்கே இரண்டாக அறுத்துவிடலாம், இரண்டு வீட்டுக்கும் ஆகும் என்றான். பூவம்மாளுக்கும் சந்தோஷம்.

அறுத்த பிறகு ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு கால்தான். அறுபட்ட பக்கத்தைச் சுவர் தாங்க வேண்டும். யேசுதாஸ் சுவரில் துளை போட்டு இரும்புக் கம்பிகளைச் செருகி, அந்தப் பக்கம் ஒரு பாதி, இந்தப் பக்கம் ஒரு பாதி என்று சேர்த்து முடுக்கினான். தலைமாட்டுப் பாதி பூவம்மாளுக்கு. அதன் சாய்மானப் பலகையில் தட்டு அடித்து டப்பாக்களை அடுக்கிக்கொண்டாள். கால்மாட்டுப் பாதி கனகாம்பாளுக்கு. அதன்மேல் தகரம் அடித்து, பம்ப் ஸ்டவ்வை ஏற்றி வைத்தார்கள்.

உண்மையில் கட்டில் மறுபடி முழுசாகத்தான் நின்றது. நடுவே ஒரு சுவர் போனது, அவ்வளவுதான். அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை.

முதல் சில நாள் கனகாம்பாளுக்கு ராஜவாழ்க்கை. முதுகு நிமிர்ந்து சமைத்தாள். பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். மேடையின் நடுவில் வைக்கும் பாத்திரம் நடுவில் இருப்பதில்லை. பேட்டையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி, அவள் சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து வந்தால், எல்லாம் ஓரமாக ஒதுங்கி நிற்கும். யாரோ தனக்கு இடம் செய்துகொண்ட மாதிரி.

ஒருநாள் அரிசி மாவைத் துணியில் பரப்பி மேடையில் உலர்த்தியிருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது மாவில் இரண்டு குழி. பக்கத்தில் பக்கத்தில். வழுவழுவென்று, உருண்டையாக. தன் குதிகாலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அதே அளவு... கொஞ்சம் பெரிது.

பூனை வேலை என்று தேசப்பன் சொல்லிவிட்டான். அவள் தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் அணைத்த ஸ்டவ் ஜில்லென்று இருந்தது. குழி விழுந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் படுத்து எழுந்த பாய் போல.

மறுநாள் பூவம்மாள் வந்து, உங்கள் வீட்டில் யாருக்கு இப்படிச் சளி கட்டிய இருமல் என்று கேட்டாள். கனகாம்பாள் வீட்டில் யாரும் இருமவில்லை.

அதற்கடுத்த நாள் குழம்பு கொதிக்கத் தாமதமாகிவிட்டது. சங்கு ஊதியபோது ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.

புஸ்ஸ்ஸ்...

கொல்லைக் கதவில் பூவம்மாள் வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா... உன் ஊட்ல யாரு கீறாங்க?"

"யாருமில்ல. இன்னாடி?"

"ஆம்பள கொரலு. காலு சுடுது, காலு சுடுதுன்னு சொல்லிக்கினே கீது."

"எங்கேர்ந்து?"

"என் பக்கம்தான்... டப்பா வெச்சிருக்கற தலமாட்டாண்ட."

கனகாம்பாள் ஸ்டவ்வைப் பார்த்தாள்.

அது எதன்மேல் எரிகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

ஸ்டவ்வின் திருகைத் திறந்தாள். காற்று இறங்கியது. நெருப்பு அணைந்தது.

ஸ்டவ்வின் இரைச்சல் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நீளமாக... நிம்மதியாக.

மேடையில் கிடந்த கரித்துணி மெதுவாக எழும்பியது.

இரண்டு மேடு.

ஒன்று... அசைந்தது.

வயிற்றில் பிள்ளை புரண்டது.

பூவம்மாள்தான் அவளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று மாலையே யேசுதாஸ் கம்பிகளை அறுத்தான். இரண்டு பாதிகளையும் கட்டைவண்டியில் போட்டு, தேசப்பன் முனுசாமி கடைக்கே கொண்டுபோய் இறக்கினான். இதில் படுத்துச் செத்தது யார் என்று சண்டைக்கு நின்றான். முனுசாமி நிதானமாகவே பதில் சொன்னார். அதில் யாரும் சாகவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு பெரியவருடையது. இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. மகன் கட்டிலை விற்றுவிட்டு அவரைப் பாயில் போட்டிருக்கிறான்.

"அவரு உயிரோடத்தான்யா கீறாரு. சும்மா பேஜாரு பண்ணாத."

உயிரோடு இருக்கிறவன் எப்படிப் பேயாவான்? தேசப்பன் அதைச் சொல்லித்தான் பெண்டாட்டியைத் தேற்றினான். கனகாம்பாளும் கொஞ்சம் தேறினாள்.

பிள்ளை பிறந்த பிறகு தேசப்பன் தொட்டில் வாங்க அந்தக் கடைக்குப் போனான். முனுசாமி இவனைக் கண்டதும் கடைப்பையனை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த மகன் வந்திருந்தானாம். பெரியவர் இறந்துவிட்டார். என்றைக்கு என்று தேசப்பன் கேட்டான். கட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தாயே, அன்றைக்குத்தான், மத்தியானம் என்றார் முனுசாமி.

அதற்கு முந்தின சில நாட்களாகவே பெரியவரின் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. அடுப்போ விளக்கோ இல்லாத அறை. வைத்தியருக்கும் விளங்கவில்லை.

"கடைசியா, நெருப்ப அணைச்சிட்டாங்கன்னு சொன்னாராம். ஆறு வருஷமா அசையாத கால நல்லா நீட்னாராம். அதோட போய்ட்டாரு."