எறும்பு வராத வீடு

ஈ காக்காய்கூட இல்லை என்று பேச்சுக்குச் சொல்வோம். காக்காயை விடுங்கள், என் அண்ணன் வீட்டில் நிஜமாகவே ஒரு ஈ கிடையாது. பூச்சி மருந்து அடிப்பதுதான் அவன் தொழில். முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஓட்டல், குடோன், ஆஸ்பத்திரி என்று அலைவான். மிச்சம் மீதி மருந்தெல்லாம் சொந்த வீட்டுக்குத்தான். சுவர் ஓரம், ஜன்னல் இடுக்கு, குளியலறை ஓட்டை, ஓர் இடம் பாக்கி இருக்காது. இரை கிடைக்காமல் பல்லிகூட அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. நட்ட நடுப்பகலில் அங்கே தனியாக உட்கார்ந்தால் நாம் மூச்சு விடுவது நமக்கே கேட்கும். எனக்கு அந்த வீடு பிடிக்காது. தெருவில் அவனை மருந்துக்காரர் என்பார்கள்.

நான் பக்கத்துத் தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். "உன் வீட்டுக்கும் அடிச்சு விடுறேன்" என்று எத்தனையோ தடவை டப்பாவோடு வந்து நின்றிருக்கிறான். துணியில் நாற்றம் ஏறினால் யார் வாங்குவார்கள்? வாசலோடு துரத்திவிடுவேன்.

அவனுக்கு ஒரே மகள். அவள் பெயரை யாரும் சொல்வதில்லை, வாலு என்றால்தான் தெரியும். அப்படி ஒரு சேட்டை. அண்ணிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, மாதம் ஒரு முறைதான் வர முடியும் என்று ஆனது. அதற்குப் பிறகு வாலு அடங்கிப்போனாள். முதலில் எல்லோரும் நிம்மதிப்பட்டோம், உண்மையைச் சொன்னால். பிறகு பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று கொண்டுவந்தாள். பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அந்த மாதமே மறுபடியும் அதே பாவாடையோடு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் சத்தம். வாலு சமையலறைக் குழாயில் வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. சட்டை நனைந்து தண்ணீர் தரையில் ஓடியது. அப்போதும் நிறுத்தவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டதும் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, "யாரு?" என்றாள்.

தூக்கி வளர்த்த அத்தையை!

"நான்டி, அத்தை."

"ஓ… மங்கலா தெரியுது அத்தை. தாகமா இருக்கு. குடிச்சாலும் தாகமாவே இருக்கு."

அவள் வாயிலிருந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை வந்தது. வீடு முழுக்கத் தேடினேன், எங்கேயும் ஒரு பழம் இல்லை.

அண்ணன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

"வாயைக் கழுவு. பரீட்சை டென்ஷன். அம்மா பக்கத்துல இல்லாத ஏக்கம் வேற. ஸ்கூல்லயும் அதத்தான் சொன்னாங்க."

"ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்துட்டா தீர்ந்துது."

"ஊசின்னா புள்ள மயங்கி விழுந்துடுவா."

"மயங்கி விழுறது அவளா, நீயா?"

அவன் என் கையைப் பிடித்துக் குளியலறைக்கு இழுத்துப் போனான். "நல்லா பாத்துக்கோ. எங்கேயாவது ஒரு எறும்பு இருக்கா? தினம் காலையில முதல் வேலையா பாக்குறேன். அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

எப்படி மறக்கும்? டாக்டருக்குத் தெரியும் முன்பே எறும்புகளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா ஒன்றுக்குப் போய்விட்டு வந்த இடத்தில் கறுப்பாக மொய்க்கும். அம்மா தண்ணீர் ஊற்றி ஊற்றித் தள்ளுவாள், அது பாட்டுக்கு மறுபடியும் வந்து நிற்கும். பிறகு அப்பாவின் காலை எடுத்தார்கள். பிறகு அப்பாவும் இல்லை. அண்ணன் காட்டிய தரை பளிச்சென்று இருந்தது. நானும் அதை நம்பி வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரம் பக்கத்து ஊர் குடோன் ஒன்றில் அவனுக்கு ராத்திரி வேலை வந்தது. வாலுவை என்னிடம் விட்டுப் போனான். வந்ததும் படுத்தவள்தான். தண்ணீருக்கும் குளியலறைக்கும் மட்டும் எழுந்தாள்.

காலையில் குளியலறைக் கதவைத் திறந்தேன். தரை அசைந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் கட்டையிலிருந்து இறங்கி, சுவரோடு வந்து, தரையில் ஓரிடத்தில் மட்டும் அப்பிக்கொண்டிருந்தன. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். போயின. துடைத்து நிமிர்வதற்குள் சுவரில் அடுத்த வரிசை இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ அனுப்பிவைத்ததுபோல. அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

அண்ணன் முதுகில் டப்பாவோடு அப்படியே வந்து நின்றான். "இங்க எப்படி வந்துது?" என்றான், பைத்தியக்காரன் மாதிரி.

"என்னைக் கேக்குறியா? இது நீ மருந்து அடிக்காத வீடு!"

அவன் எறும்புகளையே பார்த்தான். புரிந்ததும் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "என்கிட்ட சொல்ல வந்துதுங்கடி. எல்லாத்தையும் நானே வாசல்ல வச்சுக் கொன்னுட்டேன்."

"அழுறதுக்கு இப்ப நேரமில்ல, எழுந்திரு!"

வாலு எழுந்திருக்கவில்லை. படுத்த இடத்திலேயே, மாடிப்படி ஏறுகிறவள்போல மூச்சு வாங்கினாள். அறை முழுக்க அதே பழ வாடை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தினார்கள். அளக்கும் கருவியில் எண்ணே வரவில்லை, அதற்கு எட்டாத உயரத்துக்குச் சர்க்கரை போயிருந்தது. அண்ணன் டாக்டர் பின்னாலேயே போய், "டென்ஷனா இருக்குமா டாக்டர்?" என்று அப்போதும் கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.

"டென்ஷன் இல்லைங்க, சர்க்கரைதான். சின்னப் பசங்களுக்கு வர்ற வகை, உடம்புல இன்சுலின் சுரக்கறதே நின்னு போயிடுது. யார் தப்பும் இல்ல. ஆனா நாளைக்குக் கொண்டுவந்திருந்தீங்கன்னா, நான் உங்க முகத்தைப் பார்த்துப் பேசியிருக்க முடியாது."

வாலு பிழைத்துக்கொண்டாள். இப்போது அவளே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். முதல் நாள் அதைப் பார்த்து மயங்கி விழுந்தது யார் என்று நான் சொல்லவே வேண்டாம். அண்ணியும் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பாவாடையைப் பிரித்துவிட்டிருக்கிறேன்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சோப்பும் பிரஷும் வைத்து மூலை முடுக்கெல்லாம் அவனே தேய்த்துக் கழுவியிருந்தான். மருந்து வாடையே இல்லை. அடுப்படி மூலையில் குந்தி உட்கார்ந்து, சுவர் ஓரமாக ஒரு சிட்டிகைச் சர்க்கரை வைத்துக்கொண்டிருந்தான். எறும்புகள் வரிசையாக வந்து எடுத்துக்கொண்டு போயின.

"என்ன கூத்து இது?"

"வா" என்று என்னைக் குளியலறைக்குக் கூட்டிப் போனான். "அடுப்படிக்கு வந்துடுச்சு. இங்க வரலை, பாத்தியா?"

தரையில் ஒன்றுகூட இல்லை.

"அதான் தினம் குத்திப் பாக்குறீங்களே. அந்த மெஷின் எதுக்கு இருக்கு?"

"அதுவும் இருக்கட்டும்."

உள்ளேயிருந்து வாலு குரல் கொடுத்தாள். "அப்பா, உங்க ஆளுங்க எல்லாரும் சாப்பிட்டாச்சா?" பழைய வாலு!

"சாப்பிடுறாங்க, நீ படி" என்றான். பிறகு எறும்பு வரிசை மேல் கால் படாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனான்.