ஒரு ரைட், இரண்டு ரைட்

பக்கவாதம் வந்த கண்டக்டருக்கு மிஞ்சியது ஒரே சொல்: ரைட். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முப்பத்தொரு வருடம் பேருந்துப் படியில் நின்று கத்திய சொல் மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை. நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். இப்படி ஒற்றைச் சொல்லோடு நின்றுபோனவர்களை முன்பும் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சொல்லும் லேசுப்பட்டதல்ல. சரி என்றாலும் ரைட், கிளம்பு என்றாலும் ரைட், வலது பக்கமும் ரைட், போனால் போகிறது என்பதற்கும் ரைட் விடு. குரலை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கஞ்சி ஊட்டும்போது "ரைட் ரைட்" என்பார். அடுத்த கரண்டி கொடுப்பேன். திடீரென்று ஒற்றை "ரைட்" வரும். அதற்கும் கொடுப்பேன். என் புடவையிலேயே துப்புவார். இந்த வயதில் என்ன அடம் என்று துடைத்துக்கொள்வேன்.

அவருக்கு ஒரே மகள். வெளிநாட்டில் வேலை கிடைத்து, அந்த வாரமே போய்ச் சேர வேண்டியிருந்தது. பெட்டியைக்கூட எடுத்து வைக்காமல் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பா, நான் போகட்டுமா? வேணாம்னா இருந்துடறேன்."

அவர் அவளையே பார்த்தார். "ரைட்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அதான் ரைட்னுட்டாரே, கிளம்பும்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் போன ஒன்பதாம் நாள், அவரோடு வண்டி ஓட்டிய டிரைவர் பார்க்க வந்தார். அப்போது கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒற்றை ரைட் வந்தது; கரண்டியை நீட்டினேன். டிரைவர் சிரித்துவிட்டார்.

"நல்லா ஓட்டறீங்கம்மா வண்டிய. அவரு நிறுத்துன்றாரு. ஒரு ரைட்டுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. விசில் தொலைஞ்ச நாள்லல்லாம் எங்களுக்கு அதான் கணக்கு."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் துப்பவே இல்லை.

மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். புது வேலை, முதல் மாதம், நேரம் பார்த்துச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாம் மாதம் மறுபடி வாதம் அடித்தது. போய்விட்டார்.

மகள் வந்தாள். அழுது ஓய்ந்தபின் கேட்டாள்.

"நர்ஸம்மா, அப்பா அன்னிக்கு ரைட்னுதானே சொன்னாரு?"

"சொன்னாரு" என்றேன்.

எத்தனை தடவை என்று அவள் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த ரப்பர் விரிப்பைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.