திரைக்குப் பின்னால் பாடிய செட்

செவ்வாய்க்கிழமை காலை ஷாகுல் காக்காவின் மகள் நூர்ஜகான் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கூப்பிட்டாள். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாவ. அசர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்." ஆரல்வாய்மொழியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பாட்டுக் கேட்கக் கூடும் நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் எனக்கு முன்பே வந்திருந்தீர்கள்.

காக்கா வளைகுடாவில் இருபத்திரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஊர் திரும்பும்போது ஒரு ஜோடி ஜெர்மன் ஸ்பீக்கரும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரும் கப்பலில் வந்தன. எதிரொலிக்காமல் இருக்க மாடி அறைச் சுவரெல்லாம் கயிற்றுப் பாய் அடித்தார். அந்த அறையில் உட்காராதவர் நம்மில் யாருமில்லை.

முதல் நாள் எனக்கு அது பிடிக்கவில்லை. பாடகி மூச்சு இழுப்பது, தபலாக்காரரின் மோதிரம் உரசுவது எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. "காக்கா, இது பாடவே இல்ல. பாட்டை அறுத்துப் பாக்குது" என்றேன். என் வீட்டுப் பழைய வால்வு செட்டில்தான் இசை இருக்கிறது என்பது என் கட்சி.

"அந்த ஆளு மோதிரம் போட்டுட்டுத்தான் மக்கா வாசிச்சாரு. அதை மறைச்சா பாட்டு நல்லா ஆயிருமா?" என்றார்.

இரண்டு வருடம் இந்தச் சண்டை நடந்தது. நீங்களும் கட்சி பிரிந்து பேசினீர்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை என் செட்டை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். காக்கா இரண்டு செட்டையும் பெட்ஷீட்டுக்குப் பின்னால் வைத்தார். நூர்ஜகான் உள்ளே நின்று வயரை மாற்றினாள். ஒரே பாட்டை ஆறு தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். எது இசை என்று நான் சொல்ல வேண்டும். ஐந்து தடவை நான் கை காட்டியது அவருடைய செட்டை. ஒரு தடவை கண்கூடக் கலங்கிவிட்டது.

மறுநாள் நீங்கள் கேட்டீர்கள். நான் வாய் திறக்கும் முன் காக்கா சொன்னார்: "தங்கராசுக்க காது காதுதான். சரியாட்டு கண்டுபிடிச்சிட்டான்." அதில் பொய் இல்லை. ஆனால் எனக்குத்தான் ஜெயம் என்று எடுத்துக்கொண்டீர்கள். நானும் பேசாமல் டீ குடித்தேன். அன்றிலிருந்து எனக்கு 'காது' என்று பெயர்.

பிறகு ஆற்று முகத்துவாரத்தில் நடக்கும்போது ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

"நீ தோத்துப்போனதா நாலு பேருக்க முன்ன ஆயிருந்தா பொறவு வந்திருப்பியா? ஒத்தைக்கு இருந்து கேக்கதுக்கா மக்கா நான் இதைக் கொண்டாந்தேன்?"

வந்திருக்க மாட்டேன். என் ரோஷம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடக்கம் முடிந்ததும் நூர்ஜகானிடம், என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். வாப்பாவின் போனில் பெயரைத் தேடிப் பார்த்தாளாம். தங்கராஜ் என்று யாரும் இல்லை. "காதுன்னு போட்டிருந்தாவ மாமா" என்றாள். அவளும் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பெயரை நான் வைத்துக்கொள்கிறேன். அது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.