தலையில் இரண்டு புள்ளி

பெயரை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் புள்ளியக்கா பேனா மூடியைத் திறக்கமாட்டார். முதல் முறை தனக்கு. இரண்டாம் முறை எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு. மூன்றாம் முறை அவரையே சொல்லவைப்பார். "வாயத் தொறந்து நல்லாச் சொல்லுங்க. உங்க பேருதானே, இதுல என்ன வெக்கம்?"

ரஷ்ய எழுத்தில் இருக்கும் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுப்பது அவர் தொழில். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என்று எது வந்தாலும் அவருக்குப் பெயர்தான் கணக்கு. பொருளைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால், "நான் அர்த்தத்துக்குள்ள போறதே இல்ல. அர்த்தம் பாத்தா பாதிப் பேரு பேர மாத்திக்கணும்" என்பார்.

இளவயதில் இயந்திரப் பொறியியல் படிக்கப் பனி கொட்டும் ஊருக்குப் போனவர். ஆறு வருடத்தில் இயந்திரம் கழன்று விழுந்துவிட்டது. மொழி மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியறையில் இரண்டு மேசை, ஒரு ஃபேன், சுவரில் முப்பத்து மூன்று எழுத்துக்கும் ஒரு அட்டவணை. அடுத்த மேசையில் அவருடைய நாத்தனார் தட்டச்சு செய்கிறாள். கம்ப்யூட்டரை விட அவள் வாய் வேகம்.

எழுத்துகளுக்கெல்லாம் அக்கா பட்டப்பெயர் வைத்திருக்கிறார். மூன்று பல் சீப்புக்கு ஓரத்தில் வால் முளைத்தாற்போல் ஓர் எழுத்து உண்டு. ரஷ்ய மொழியில் அது ஒன்றுதான். ஆங்கிலத்தில் நாலெழுத்தாகி, படிவத்தின் கட்டத்தைத் தாண்டி ஓடும். "ஒண்டிக்கட்டைன்னு நம்பி எடம் குடுத்தா, மறுநாளே குடும்பத்தோட வந்து உக்காந்துக்கும்." இன்னொன்றுக்குச் சொந்தமாக ஒலியே கிடையாது; முன்னால் நிற்கும் எழுத்தை மென்மையாக்குவது மட்டுமே அதன் வேலை. அதற்குப் பெயர் ஊமை. "தானும் பேசாது, பக்கத்துல நிக்கறவனையும் சத்தமாப் பேச விடாது. எங்க வீட்டுக்காரர் மாதிரி." அண்ணனைச் சொன்னதும் நாத்தனார் மூக்கால் ஒரு சத்தம் செய்வாள். அது சிரிப்பா கண்டனமா என்று இதுவரை தெரியவில்லை.

ஆனால் அக்காவுக்குப் பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது வேறோர் எழுத்து. 'யெ' என்று ஒலிக்கும் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் 'யோ' ஆகும். ரஷ்யர்கள் பழக்க தோஷத்தில் புள்ளியை விட்டுவிடுவார்கள், படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று. அக்காவுக்கு அது பொறுக்காது. "நம்ம 'அப்பா'வுல புள்ளிய எடுத்துப் பாருங்க, 'அபபா'ன்னு நிக்கும். உங்கப்பாவ அப்படிக் கூப்பிடுவீங்களா?"

அப்பாவைப் பற்றிய அந்தக் கேள்வி ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மேசைக்கே வந்து சேர்ந்தது.

வந்தவர் ஒரு கப்பல் சமையல்காரர். ரஷ்யர், ஆறடிக்கு மேல் உயரம், இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இருபது வருடமாக அரைகுறைத் தமிழ் பேசுகிறவர். கூடவே பதினேழு வயது மகள். அவளுக்கு வெளிநாட்டில் கப்பல் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. பதினெட்டு நிரம்பாததால் தகப்பன் கையெழுத்துப் போட்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குச் சான்று வைக்கும் அலுவலகத்திலோ, தகப்பன் பெயரும் மகள் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அக்கா, நான் அப்பா. இவ மக. பேப்பர் சொல்லுது, நான் அப்பா இல்ல" என்றார் சமையல்காரர்.

அக்கா இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தகப்பன் குடும்பப்பெயரில் 'யோ'. மகள் பெயரில் 'யெ'. அவருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"எந்த மகராசன் செஞ்ச வேலை இது? புள்ளிய முழுங்கியிருக்கான் பாருங்க! இவனுக்கெல்லாம் யாரு முத்திரை குடுத்தது?"

மகள் பையிலிருந்து ஒன்பது வருடத்துக்கு முந்தைய தாள் ஒன்றை எடுத்தாள். "பாஸ்போர்ட்டுக்கு இதைத்தான் குடுத்தோம், ஆன்ட்டி. அம்மா இருந்தப்ப வந்து எழுதி வாங்கினது."

நாத்தனார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அண்ணி, இந்தக் கையெழுத்து எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?"

அக்காவின் கையெழுத்து. அக்காவின் முத்திரை. தேதியைப் பார்த்ததும் கை தானாகவே கன்னத்துக்குப் போயிற்று. கடைவாய்ப் பல் பிடுங்கிய நாள் அது. வாய் நிறையப் பஞ்சு. ஒரு பெயரையும் சொல்லிப் பார்க்க முடியாமல், மூலத்தில் புள்ளி விட்டுப்போன பெயரைக் கண்ணால் மட்டும் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பழைய தேதி போட்டுப் புதுசா ஒண்ணு அடிச்சிரட்டுமா? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. பிழை என்னுதுன்னு ஒரு கடிதம் அடி. பெருசா அடி."

மறுநாள் காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு அக்காவே அவர்களுடன் போனார். உள்ளே போகுமுன் அதிகாரியின் அறைக் கதவை ஒரு கணம் நின்று பார்த்தார். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

அதிகாரி நல்லவர்தான், எழுத்துக்கு எழுத்து பார்க்கிறவர். "பொண்ணு பேரு கடைசில ஒரு 'ஏ' கூட இருக்கே?"

"பொண்ணுன்னா அவங்க மொழியில அப்படித்தான் முடியும் சார்."

"சரி, அது போகட்டும். நடுவுல வேற எழுத்து. தப்பா எழுதிட்டேன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்கு எழுதினதும் தப்பில்லன்னு நான் எப்படி நம்பறது? எழுத்து மாறினா ஆளே மாறின மாதிரிம்மா."

சமையல்காரரின் பெரிய கை மகளின் தோளில் இறங்கியது. அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா குழைந்த குரலில் கேட்டார். "சார், உங்க பேருல ஒரு ழகரம் வருதுல்ல? கதவுப் பலகையில அதுக்கு இசட் ஹெச் போட்டிருக்கு. மேசை மேல இருக்கற முத்திரையில எல். உங்க கழுத்து அட்டையில வெறும் இசட். நான் இப்ப இவங்க மூணு பேர்ல யாருகிட்டப் பேசிட்டிருக்கேன்?"

அதிகாரி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முத்திரையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவையும் பார்த்துவிட்டு வந்தார்.

"அது... அடிச்சவங்க செஞ்ச தப்பும்மா."

"அதேதான் சார். இங்க அடிச்சவ நான்."

அதிகாரியின் தோள் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. இரண்டு பெயரும் ஒரே குடும்பம்தான் என்று பத்திரத்தின் ஓரத்தில் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையை எடுத்தார். அக்கா ஏதும் சொல்லிவிடுவாரோ என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குத்தினார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்ததும் சமையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டுத் தாளை நீட்டினார். "அக்கா, என் பேர் தமிழ்ல எப்படி?"

"இது ஒரு பெரிய விஷயமா?" அக்கா எழுதினார். பார்த்தார். அடித்தார். அந்த முதல் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. கிரந்தத்தில் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதையும் அடிக்கப் போய், பாதியில் நிறுத்தினார். கீழே மூன்றாவதாக ஒன்று எழுதினார். ஒவ்வொன்றும் ஒரு விதத்தில் சரி, ஒரு விதத்தில் தப்பு. மகள் குனிந்து மூன்றையும் வாய்க்குள் படித்து, ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

புள்ளியக்கா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வீட்டில் யாரையும் தொடவிடாத அந்தப் பேனாவை, முனை தன் பக்கம் இருக்கும்படி பிடித்து, அவளிடம் நீட்டினார்.