அறுபது கரண்டி

எங்கள் தேயிலைக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் நாக்கு. ருசி பார்த்துத் தரம் சொல்கிறவள். நான் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றுகிறவள். பதினோரு வருடமாக இருவருக்கும் ஒரே அறை. நீள மேஜை, வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள், ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. மத்தியானம் அங்கே வந்து நின்றால் யாருக்கும் கண் சொக்கும். அவளுக்கு மட்டும் சொக்கவில்லை.

ஏழாம் மாதம். முப்பத்தொன்பது வயதில், இனி இல்லையென்று கைகழுவிய பிறகு வந்த பிள்ளை. மூன்று வாரமாகப் பொட்டுத் தூக்கம் கிடையாது. மாடிப்படியில் கண் இருட்டி, கைப்பிடி கையில் சிக்கியதால் பிழைத்தாள். வெள்ளிக்கிழமை வருவதற்குள் தூங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவேன் என்று நர்ஸ் கறாராகச் சொன்னாள். அதைக் கேட்டதில் மிச்சமிருந்த தூக்கமும் போனது.

நர்ஸ் சொன்னதில் ஒன்றையும் அவள் விடவில்லை. இருட்டும் முன்பே சாப்பாடு, அதுவும் அரை வயிறு. காரமில்லை, பொரித்ததில்லை. சாப்பிட்ட கையோடு படுக்காமல் தெருமுனை வரை நடை. படுக்கும் முன் வெதுவெதுப்பாகப் பால், பசித்தால் வாழைப்பழம். துணைக்கென்று புருஷனும் அதே உப்புச்சப்பில்லாததைத் தின்றுவிட்டு, அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். பலனெல்லாம் அவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

டீ எத்தனை என்று நர்ஸ் கேட்டதற்கு, காலையில் ஒன்று என்றாள். மனதறிந்து அவள் பொய் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கூட்டுகிறவள் வரவில்லை. ருசி பார்த்ததைத் துப்பும் வாளியைக் கழுவ நானே எடுத்தேன். கனமே இல்லை. உள்ளே காய்ந்து கிடந்தது.

"துப்புறதே இல்லையா நீ?"

"துப்பப் போனா குமட்டுதுக்கா. முழுங்கிடறேன். அது டீயா? வேலை."

கிண்ணங்களை எண்ணினேன். அறுபது. தினமும் மத்தியானம் அறுபது கரண்டி கடுந்தேநீர்! பாலும் பழமும் பாவம், என்னதான் செய்யும்? எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பாதி என்னையே திட்டிக்கொண்டதுதான். ஊற்றிக் கொடுத்த கை என்னுடையதல்லவா.

அவள் அழுதுவிட்டாள். "இந்த நாக்கை விட்டா எனக்கு என்னக்கா இருக்கு?"

"வயித்துல ஒண்ணு இருக்குல்ல. மூக்கும் இருக்கு. போதும்."

மறுநாளிலிருந்து அவள் நனைந்த இலையை மோந்தாள், கிண்ணத்தில் நிறம் பார்த்தாள். கரண்டி என் கைக்கு வந்தது. நான் உறிஞ்சித் துப்பிவிட்டுச் சொல்ல வேண்டும்: துவர்க்கிறதா, நாக்கின் நுனியில் பிடிக்கிறதா, ஓரத்திலா. அவள் கண்ணை மூடிக் கேட்பாள், பிறகு தரம் சொல்வாள். முதல் நாள் எனக்கு எல்லாமே சுடுதண்ணீர்தான். அதற்கும் சிரித்தாள்.

வியாழக்கிழமை முப்பதாவது கிண்ணத்தில், "ஓரத்துல லேசா..." என்றேன். தரம் சொல்வாளென்று திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை வயிற்றின் மேல். ஜன்னல் வெளிச்சம் ஆவிக்குள் கரைந்து, அறையே மிதப்பது போலிருந்தது.

மிச்சம் முப்பது கிண்ணம். அவளிடம் அப்புறம் சொல்ல ஒவ்வொன்றாக ருசித்துக் குறித்து வைத்தேன். துப்பினால் வாளியில் சத்தம் கேட்கும். முப்பதையும் விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை நர்ஸைப் பார்த்துவிட்டு நேரே வந்தாள். முகத்தில் தெளிவு. "ராத்திரியும் தூங்கிட்டேன்க்கா. படுக்கை வேணாம், வீட்டுக்குப் போன்னுட்டாங்க." என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்க கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு? தூங்கலையா? டீ கீ குடிச்சீங்களா?"

"காலையில ஒண்ணுதான்" என்றேன்.