ஆணி அடிக்க ஒரு செவுரு

ஊட்டைக் காலி பண்ணிக் குடுங்கன்னு ஓனர் வந்து சொன்னப்ப நான் கிரைண்டரைக் கழுவிட்டு இருந்தேனுங்க. வைகாசி மாசம். கையில இருந்த மாவுத் தண்ணி அப்படியே முழங்கை வரைக்கும் வழியுது, எனக்குத் தொடைக்கத் தோணலை.

நாங்க இருந்தது அன்னூர்ல ஒரு லைன் ஊடு. அதை இடிச்சுப்போட்டு, ரூம் ரூமாக் கட்டி, மில்லு வேலைக்கு வர்ற வடக்கத்திப் பசங்களுக்கு ஆள் கணக்குல வாடகைக்கு உடப் போறாங்களாம். ஒரு குடும்பம் குடுக்கறதைவிட அதுல பல மடங்கு வரும்னா அவரும் என்ன பண்ணுவாரு. "ஆடி பொறந்துட்டா ஒருத்தரும் குடி வெக்க மாட்டாங்க அம்மணி. அதுக்குள்ள ஒரு ஊடு பாத்துக்கங்க"ன்னு தன்மையாத்தான் சொன்னாரு.

எங்கூட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டறாரு. நான் இட்லி மாவு அரைச்சு ஊடு ஊடாக் குடுக்கறேன். ஒரே பொண்ணு பிளெஸ்ஸி, அந்த வருசம் பத்தாவது. மூணு பேருக்கு ஒரு ஊடு, அதுல கிரைண்டர் வெக்க ஒரு மூலை. இவ்வளவுதான் வேணும். அதோட இன்னொண்ணும் வேணும்னு மனசுக்குள்ள கெடந்துச்சு, அதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. செவுத்துல ஆணி அடிச்சுக்கங்கன்னு சொல்ற ஓனர் வேணும்.

கல்யாணமான நாள்ல இருந்து எந்த ஊட்டுலயும் ஆணி அடிக்க உட்டதில்லீங்க. வருசா வருசம் சபையில குடுக்கற வசனக் காலண்டரை அரிசி டிரம்மு மேல சாச்சுத்தான் வெப்பேன். அரிசி எடுக்கறப்பெல்லாம் அது குப்புற விழும். பிளெஸ்ஸி எடுத்துத் தொடைச்சு மறுபடியும் நிறுத்துவா. "நம்ம ஊட்டுல மட்டும் ஏம்மா காலண்டர் உக்காந்தே இருக்குது?"ன்னு சின்ன வயசுல கேட்டா. அது எனக்கு இன்னிக்கும் நெஞ்சுல நிக்குது.

தேடுனோம், தேடுனோம், அப்படித் தேடுனோம். டு-லெட் போர்டு பாத்தா ஆட்டோவை நிறுத்திருவாரு. ஊட்டம்மா நல்லாத்தான் வரவேற்பாங்க. "எந்த ஊருங்க? யாரு சொந்தம்?"னு கேப்பாங்க. எங்கப்பா அம்மா தோட்டத்துல கூலிக்குப் போனவங்க, காலனியிலதான் பொறந்து வளந்தேன், சபைக்குப் போறவங்கன்னு ஒளிக்காமச் சொல்லுவேன். உடனே குரல் மாறிரும். "அவரு வந்ததும் கேட்டுட்டுப் போன் பண்றேனுங்க"ம்பாங்க. அந்தப் போன் வரவே வராது. சில பேரு கிரைண்டர்னதுமே கையெடுத்துக் கும்புட்டாங்க. மத்த ஊடெல்லாம் வாடகை கேட்டதும் நாங்களே திரும்பிட்டோம்.

போத்தனூர்ல இருக்கற எங்கக்கா, "இங்க வந்துரு, ரயில்வே லைனோரமா ஒரு ஊடு இருக்குது"ன்னா. போய்ப் பாத்தோம். ஊடு பரவாயில்லை. ஆனா என்ற மாவு வாங்கற ஊடெல்லாம் அன்னூர்ல இருக்குது, பொண்ணு படிக்கற பள்ளிக்கூடமும் இங்கதான். அங்க போய் யாருக்கு மாவு ஊத்தறது? காந்திபுரத்துல பஸ் மாறித் திரும்பி வர்றப்ப இருட்டிப்போச்சு. வழியெல்லாம் ஊட்டுக்கு ஊடு லைட்டு எரியுது. ஒரு ஊட்டுல ஒரு பொம்பளை நின்னுட்டு தோசை ஊத்தறா. அவ்வளவுதாங்க. அதைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்திருச்சு. சேலைத் தலைப்பை வாயில வெச்சுட்டு, "ஆண்டவரே, இத்தனை ஊட்டுல எங்களுக்குன்னு ஒண்ணு இல்லையா"ன்னு கேட்டேன்.

ஆடிக்கு முந்தின நாளும் வந்திருச்சு. போத்தனூர்தான் கதின்னு மனசைக் கல்லாக்கிட்டு, மாவு குடுக்கற ஊட்டுலயெல்லாம் இனி வரமாட்டேன்னு சொல்லிட்டே போனேன். கடைசியா ராஜேஸ்வரியம்மா ஊடு. நாயக்கமாரு, பெரிய ஊடு. மகன் பெங்களூர்ல இருக்கறதால தனியாத்தான் இருக்காங்க. நான் மாவுத் தொழில் தொடங்குன நாள்ல இருந்து எங்கிட்டதான் வாங்கறாங்க.

"எங்க போறே?"ன்னாங்க. சொன்னேன்.

"ஏ அம்மணி, என்ற பின்னாடி ஊடு பூட்டிக் கெடக்குது. அதுல குடியிருந்த பேங்குக்காரரு மாத்தலாகிப் போயிட்டாரு. உனக்குத் தெரியாதா?"

"போர்டு இல்லீங்களே."

"ஆடியில எவன் வருவான்னு நாந்தான் மாட்டலை. நீ வாயத் தொறந்து கேட்டிருக்கலாமில்ல?"

இவங்க எங்களுக்கெல்லாம் எங்க குடுக்கப் போறாங்கன்னு நானே முடிவு பண்ணியிருந்தேன். "நாங்க காலனிக்காரங்க, கிரைண்டர் சத்தம் வேற கேக்குமுங்களே"ன்னு இழுத்தேன்.

"இத்தனை வருசமா உன்ற கை மாவுதான் தின்னுட்டு இருக்கறேன். இப்பத்தான் நீ யாருன்னு கேக்கப் போறனாக்கும்? சத்தம் கேக்கட்டும். ஊடு ஓன்னு கெடக்கறதுதான் எனக்குத் தாங்கலை. நீ இப்பக் குடுக்கற வாடகையே எனக்கும் குடு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்து பால் காய்ச்சிப்போடு. பால் காய்ச்சிட்டா குடி வந்த கணக்கு. சாமானெல்லாம் ஆடியில மெதுவா வரட்டும்."

"நாங்க ஜெபம் பண்ணித்தானுங்க குடி போவோம்."

"ஜெபத்தையும் பண்ணு, பாலையும் காய்ச்சு. நானா வேண்டாங்கறேன்?"

சாயங்காலம் ஒரு அடுப்பு, ஒரு குண்டா, பைபிள், அந்தக் காலண்டர், இவ்வளவையும் ஆட்டோவுல போட்டுட்டுப் போனோம். பாஸ்டர் வெளியூர்ல இருந்தாரு. எங்கூட்டுக்காரர் நாலு பேரு முன்னாடி ஜெபம் பண்ணுன ஆளே இல்லை. அன்னிக்கு அவரு கண்ணை மூடுனவரு, நாங்க ஏறி இறங்குன ஒவ்வொரு வாசலையும் சொல்லிச் சொல்லி அழுதாரு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சதை நாங்க ஒருத்தரும் பாக்கலை. ஆமென் சொல்லிக் கண்ணைத் தொறந்தா, ராஜேஸ்வரியம்மா அடுப்புக்கிட்ட சந்தோசமா நின்னுட்டு இருக்காங்க. "நல்லாப் பொங்கியிருக்குது"ன்னாங்க. அணைக்காமப் பாத்துட்டே இருந்திருக்காங்க.

பிளெஸ்ஸி காலண்டரைக் கையில வெச்சுட்டு எங்க சாய்க்கறதுன்னு தேடுனா. சாமான் வரலை, டிரம்மும் இல்லை. அந்தம்மா பாத்துட்டு, "கண்ணு, அதைத் தொங்க உடறதில்லையா?"ன்னு கேட்டுட்டு உள்ள போய் ஒரு ஆணியும் சுத்தியலும் கொண்டாந்து அவ கையில குடுத்தாங்க. ஆணி வேணும்னு யாரும் அவங்ககிட்டச் சொல்லலீங்க. அந்த ஆசை எனக்கும் ஆண்டவருக்கும் மட்டுந்தான் தெரியும். பிளெஸ்ஸி அடிச்ச சத்தம் அந்த வெத்து ஊடு பூரா கேட்டுச்சு. காலண்டரை நானே அதுல மாட்டுனேன்.

இது வாடகை ஊடுதாங்க. சொந்த ஊட்டுக்கு மனசு இன்னும் ஏங்கத்தான் செய்யுது, அதையும் ஆண்டவருகிட்ட கேட்டுட்டுத்தான் இருக்கறேன். ஆனா இப்ப ஒண்ணு மாறிப்போச்சு. மாவு குடுக்கப் போற வாசல்லயெல்லாம், "ஏனுங்க, உங்க பக்கம் ஊடு எதாவது காலியா இருக்குதுங்களா?"ன்னு கேக்காம வர்றதில்லை. எனக்காக இல்லீங்க. போன மாசம்கூட ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் கெடைச்சுது.

அதனால ஊடு கெடைக்காம அலையறவங்க யாராவது இந்த ஜெபக் கூட்டத்துல உக்காந்திருந்தா, மனசை உட்றாதீங்க. நமக்கெல்லாம் எங்க குடுப்பாங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க. கூட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட வாங்க. சேந்து ஜெபம் பண்ணலாம். நாளைக்குக் காலையில மாவு கொண்டு போறப்ப நாலு ஊட்டுல கேட்டும் பாக்கறேன்.